காரோடு வந்த நேவிகேஷனுக்குப் புது மேப்: நெல்லைச் சாலைகளில் ஏற்றிச் சோதிக்கும் முறை

திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்குப் போகும்போது காரின் ஸ்க்ரீனில் அம்பு திடீரென்று சாலையை விட்டு இறங்கி வயலுக்குள் ஓடும். அல்லது புதிதாகப் போட்ட புறவழிச்சாலையில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது, அம்பு பக்கத்துக் குளத்துக்குள் நிற்கும். பார்த்தவர் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "ஜி.பி.எஸ். போயிட்டு." உண்மையில் ஜி.பி.எஸ். சரியாகத்தான் இருக்கிறது. வண்டி நிற்கும் இடத்தை அது ஒழுங்காகச் சொல்கிறது. அந்த இடத்தில் ஒரு சாலை இருக்கிறது என்பது மேப்புக்குத் தெரியவில்லை.

இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. காரோடு வரும் நேவிகேஷனில் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் இருக்கின்றன. ஒன்று, செயற்கைக்கோள் சமிக்ஞையை வாங்கும் ஆன்டெனாவும் ரிசீவரும். இரண்டு, ஸ்க்ரீனை இயக்கும் சாஃப்ட்வேர். மூன்று, சாலை, ஊர், பெட்ரோல் பங்க், டோல்கேட் எல்லாம் அடங்கிய மேப் தரவு. மேப் அப்டேட் என்பது மூன்றாவதை மட்டும் மாற்றுவது. சில வண்டிகளில் இரண்டாவதும் சேர்ந்தே மாறும். முதலாவதில் கோளாறு இருந்தால் எத்தனை தடவை மேப் ஏற்றினாலும் பயன் கிடையாது.

எதில் கோளாறு என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. மதுரையிலிருந்து கன்னியாகுமரி போகும் நாற்கரச் சாலையில், கங்கைகொண்டானுக்கும் நாங்குநேரிக்கும் இடையில் எங்கே ஓட்டினாலும் அம்பு சாலையோடு ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். பல வருடமாக இருக்கும் அந்தச் சாலை எந்தப் பழைய மேப்பிலும் இருக்கும். அங்கேயே அம்பு தள்ளாடினால் கோளாறு ஆன்டெனா பக்கம். முன் கண்ணாடியில் ஒட்டிய உலோகக் கலப்புள்ள சன் ஃபிலிம், டேஷ்போர்டின் நடுவில் ஒட்டிய கனமான உலோகச் சிலை, இடையில் வேறு வேலைக்காகக் கழற்றித் திரும்பச் சரியாகச் செருகாத ஆன்டெனா வயர், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு அம்பு திணறினால் கவலைப்பட வேண்டாம். செயற்கைக்கோள்களின் முழு அட்டவணையை வாங்க ஜி.பி.எஸ். ரிசீவருக்குப் பன்னிரண்டரை நிமிடம் வேண்டும். மரமோ கூரையோ இல்லாத வெளியில் கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டபடி வண்டியை நிறுத்தி வைத்தால் தானாகச் சரியாகும்.

இன்னொன்றும் உண்டு. அம்பு எப்போதும் வண்டி நிற்கும் இடத்தை அப்படியே காட்டுவதில்லை. பக்கத்தில் எந்தச் சாலை இருக்கிறதோ அதன்மேல் அம்பை இழுத்து ஒட்டவைப்பதுதான் சாஃப்ட்வேரின் வேலை. பழைய சாலைக்குப் பக்கத்திலேயே புதுச் சாலை போட்டிருந்தால் அம்பு பழைய சாலையிலேயே ஒட்டிக்கொள்ளும். "வலப்புறம் திரும்பவும்" என்று இல்லாத திருப்பத்துக்கு அழைக்கும். சாலை விலகிக்கொண்டே போய் ஒரு கட்டத்துக்கு மேல் இழுக்க முடியாமல் போனால்தான் வயலுக்குள் குதிக்கும். அந்தக் குதிப்பைப் பார்த்தால் மேப் பழசு என்று தீர்மானித்துவிடலாம்.

உங்கள் மேப்பின் வயது என்ன?

செட்டிங்ஸுக்குள் போய் வெர்ஷன் என்ற இடத்தைத் தேடினால் எழுத்தும் எண்ணுமாக நீளமாக ஒன்று வரும். அதைப் படித்துப் புரிந்துகொள்ள முயலாதீர்கள். போனில் படம் எடுத்து வையுங்கள், பின்னால் அதற்கு வேலை இருக்கிறது. வயதைக் கண்டுபிடிக்க நம்ம ஊரே போதும்.

தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர் என்று ஏதாவது ஒரு ஊரைத் தேடிப் பாருங்கள். ஊருக்குக் கீழே மாவட்டம் என்று திருநெல்வேலி வந்தால், அந்தத் தரவு பெரும்பாலும் 2019க்கு முந்தியது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல். அடுத்து நாற்கரச் சாலையின் எண்ணைப் பாருங்கள். 44 என்று இருக்க வேண்டும். 7 என்று காட்டினால், 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண் கொடுத்ததைக்கூட அந்த மேப் வாங்கிக்கொள்ளவில்லை. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடி போகும் சாலைக்கும் அப்படித்தான். 7ஏ என்று இருந்தால் பழசு, 138 என்று இருந்தால் மாறியிருக்கிறது. மூன்றாவதாக, ஆலங்குளம் வழியாகத் தென்காசி போகும் சாலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் தடுப்போடு இரண்டு கோடாக இருக்கிறதா, பழைய ஒற்றைக் கோடாகவே இருக்கிறதா? பாவூர்சத்திரம் ரயில்வே மேம்பாலம் தெரிகிறதா? இந்த மூன்றையும் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும்.

மூன்றும் சரியாக இருந்தால் அப்டேட்டுக்கு அவசரமே இல்லை. ஏற்கெனவே புதிதாக இருக்கும் மேப்பின்மேல் அதே வெர்ஷனை ஏற்றப் போய் ஒரு நாளை வீணாக்குகிறவர்கள் நிறைய.

உங்கள் வண்டி எந்த வகை?

ஏற்றும் முறை வண்டிக்கு வண்டி மாறும். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதல் வகையில் டேஷ்போர்டிலோ ஆர்ம்ரெஸ்டுக்குள்ளோ ஒரு சின்ன ஓட்டை, அதற்குள் எஸ்.டி. கார்டு. மேப் முழுவதும் அந்தக் கார்டில்தான் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறும் இடமும் இதுதான். வண்டி கைமாறும் நேரத்தில் இப்படிப் பேச்சு நடக்கும்:

"அண்ணாச்சி, இந்த ஓட்டையில ஒரு கார்டு இருந்திருக்கணுமே?"

"அதுவா? பாட்டு ஏத்தலாம்னு பையன் எடுத்தான். வேற கார்டு வாங்கிப் போட்டுக்கிடுங்க, என்ன பெரிய விசயம்."

பெரிய விஷயம்தான். அந்தக் கார்டு அந்த வண்டியின் ஹெட் யூனிட்டோடு, அதாவது ஸ்க்ரீன் உள்ள கருவியோடு, ஜோடி சேர்க்கப்பட்டதாக இருக்கலாம். கார்டு தயாராகும்போதே பதியும் அடையாள எண்ணைச் சிஸ்டம் சரிபார்க்கும். அதே கோப்புகளை வேறு கார்டில் நகல் எடுத்துப் போட்டால் "சரியான கார்டைச் செருகவும்" என்றுதான் வரும். ஆகவே நேவிகேஷன் உள்ள பழைய வண்டியை வாங்கும்போது, பணம் கொடுக்கும் முன் நேவிகேஷன் பட்டனை அமுக்கி மேப் திறக்கிறதா என்று பாருங்கள். கார்டு இல்லையென்றால் அதன் விலையைக் கழித்துப் பேசுங்கள். கார்டு இருந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் ஃபார்மட் செய்யாதீர்கள், பாட்டும் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது வகையில் மேப் ஹெட் யூனிட்டின் உள் நினைவகத்தில் இருக்கும். கம்ப்யூட்டரில் டவுன்லோடு செய்து பென் டிரைவ் வழியாக ஏற்ற வேண்டும். ஹூண்டாய், கியா வண்டிகள் பலவற்றுக்கு நேவிகேஷன் அப்டேட்டர் என்று கம்பெனியே ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் கொடுக்கிறது. அதில் நாடு, மாடல், வருடத்தைத் தேர்ந்தெடுத்தால் உரிய கோப்புகளை அதுவே பென் டிரைவில் இறக்கும். ரெனோவின் மீடியாநேவ் போன்றவற்றில் ஒரு படி கூடுதல். முதலில் வெறும் பென் டிரைவை வண்டியில் செருகி, அப்டேட் பக்கத்துக்குப் போய், வண்டியின் அடையாளத்தை அதில் எழுதவைக்க வேண்டும். பிறகு அதைக் கம்ப்யூட்டரில் செருகினால்தான் எந்த மேப் வேண்டும் என்பது அந்தப் புரோகிராமுக்குத் தெரியும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்குத்தான் "உங்கள் சாதனம் கண்டறியப்படவில்லை" என்று வரும்.

மூன்றாவது, வண்டிக்குள்ளேயே சிம் உள்ள வகை. அப்டேட் தானாக வரும், சம்மதம் கேட்கும், நாம் அழுத்த வேண்டும். இதில் கவனிக்க வேண்டியது இணையச் சேவையின் சந்தா. இலவசக் காலம் முடிந்திருந்தால் அப்டேட் வராது, வரவில்லை என்ற தகவலும் வராது. சந்தா இருந்தும் பாதியில் நின்றால், மணிமுத்தாறு, பாபநாசம் மாதிரி மலையடிவாரத்தில் நிறுத்திய வண்டியை அம்பாசமுத்திரத்துக்கோ கல்லிடைக்குறிச்சிக்கோ கொண்டுவந்து சிக்னல் நன்றாக உள்ள இடத்தில் விட்டாலே தொடரும்.

கடையில் தனியாக வாங்கி மாட்டிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ இந்த மூன்றிலும் சேராது. அதில் ஓடுவது சாதாரண ஆப். ஆப்பையும் அதற்குள் உள்ள ஆஃப்லைன் மேப்பையும் புதுப்பித்தால் போதும்.

பென் டிரைவ் என்ற சின்னச் சாமான்

மேப் ஏறாமல் திரும்பி வரும் வண்டிகளில் அதிகம் காண்பது பென் டிரைவ் தவறுதான். ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அளவில் தொடங்குவோம். 32 ஜி.பி. என்று எழுதிய பென் டிரைவில் விண்டோஸ் காட்டுவது 29 ஜி.பி. சொச்சம். மேப் கோப்பு 30 ஜி.பி. என்றால் அது கொள்ளாது, 64 ஜி.பி. வேண்டும். பெரிய கொள்ளளவை மலிவு விலைக்குத் தரும் டிரைவ்களில் போலிகள் உண்டு. 64 என்று காட்டும், உள்ளே உண்மையில் இருப்பது 8ஆக இருக்கும். நகல் எடுக்கும்போது எந்தப் பிழையும் வராது, வண்டியில் பாதி ஏறிய பிறகுதான் தெரியும். பாதி ஏறிய நிலைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவசப் புரோகிராமை ஒருமுறை ஓட்டினால் டிரைவை முழுவதும் எழுதிப் படித்து உண்மையைச் சொல்லிவிடும்.

அடுத்தது ஃபார்மட். ஃபேட் 32 என்றால் ஒரே கோப்பு 4 ஜி.பி.க்கு மேல் இருக்க முடியாது. எக்ஸ்ஃபேட்டிலும் என்.டி.எஃப்.எஸ்ஸிலும் அந்தத் தடை இல்லை, ஆனால் பழைய ஹெட் யூனிட்கள் சிலவற்றுக்கு அவை இரண்டையும் படிக்கத் தெரியாது. வண்டியின் கையேடு என்ன சொல்கிறதோ அதுவே முடிவு. விண்டோஸில் வலது கிளிக் செய்து ஃபார்மட் கொடுத்தால் 32 ஜி.பி.க்கு மேற்பட்ட டிரைவுக்கு ஃபேட் 32 என்ற தேர்வே காட்டாது. அதனால் ஃபேட் 32 கேட்கும் வண்டிக்கு 32 ஜி.பி. அல்லது அதற்குக் குறைந்த டிரைவே வசதி. முழு ஃபார்மட் கொடுங்கள். 'குவிக்' என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால், மோசமான இடம் இருந்தால் அப்போதே மாட்டிக்கொள்ளும்.

டவுன்லோடு செய்ய வீட்டு ஃபைபர் லைன்தான் சரி. ஒரு நாளைக்கு 2 ஜி.பி. கிடைக்கும் போன் டேட்டாவில் இருபது ஜி.பி.யை இறக்க முடியாது. நொடிக்கு 40 மெகாபிட் லைனில் 20 ஜி.பி. இறங்க ஒரு மணி நேரம் பத்து நிமிடம் போல ஆகும். அதைப் பழைய வகை பென் டிரைவுக்கு நகல் எடுக்க, எழுதும் வேகம் நொடிக்கு 5 எம்.பி. என்றால் இன்னும் அதே அளவு நேரம். இரவு போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயாராக இருக்கும்.

கோப்புகளை வைக்கும் இடம்: டிரைவைத் திறந்த உடனே அவை தெரிய வேண்டும். 'நியூ ஃபோல்டர்' ஒன்றுக்குள் போட்டால் வண்டி தேடாது. ஜிப்பாக வந்ததைப் பிரிப்பதா, அப்படியே வைப்பதா என்பதைக் கம்பெனிக் குறிப்பில் பாருங்கள், இரண்டு மாதிரியும் உண்டு. பெயரை மாற்றக்கூடாது. ஒரே கோப்பை இரண்டு தடவை இறக்கினால் கம்ப்யூட்டர் பெயருக்குப் பின்னால் '1' சேர்த்துவிடும், அந்த ஒற்றை எண்ணே வண்டிக்கு அந்நியக் கோப்பாகப் போய்விடும். மேக் கம்ப்யூட்டர் கண்ணுக்குத் தெரியாத துணைக் கோப்புகளைச் சேர்த்து எழுதும், சில ஹெட் யூனிட்கள் அதில் குழம்பும். கடைசியில் 'இஜெக்ட்' கொடுத்துத்தான் டிரைவை உருவ வேண்டும். நூறு சதவீதம் முடிந்தது என்று காட்டிய பிறகும் கம்ப்யூட்டர் சில நொடிகள் எழுதிக்கொண்டிருக்கும்.

காரில் எந்தத் துளை என்பதையும் பாருங்கள். பின் சீட்டுப் பக்கம் உள்ளவை பெரும்பாலும் சார்ஜ் மட்டும் போடும். முன்னால் இரண்டு இருந்தால், போன் அடையாளமோ இசை அடையாளமோ போட்ட துளைதான் தரவு வாங்கும். செருகிப் பார்த்துப் பாட்டு ஓடினால் அதுதான் சரியான துளை.

ஏற்றும் நேரம்

பேட்டரி முக்கியம். வண்டியை நிறுத்தி ஒரு ராத்திரி ஆன பிறகு மல்டிமீட்டர் வைத்தால் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. சாவியை மட்டும் ஆன் செய்து ஒரு மணி நேரம் ஸ்க்ரீனை ஓட்டினால் தளர்ந்த பேட்டரி தாங்காது. வோல்ட் சரிந்து ஸ்க்ரீன் நடுவில் அணைந்தால் ஹெட் யூனிட் எழுந்திருக்காமலே போகலாம். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வோல்ட் வரை கிடைக்கும். ஆகவே எஞ்சினை ஓடவிட்டே ஏற்றுங்கள். சிக்னலில் தானாக எஞ்சினை நிறுத்தும் வசதி இருந்தால் அதை முதலில் அணைத்துவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் எஞ்சினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, உயிர் போகும்.

பல சிஸ்டங்கள் ஓட்டும்போதே ஏற்ற அனுமதிக்கின்றன. அப்படி இருந்தால் வண்ணார்பேட்டையில் தொடங்கி நாற்கரச் சாலையில் கன்னியாகுமரி போய்ச் சேரும் நேரம் பெரும்பாலும் போதும். நடுவில் டீ குடிக்க நிறுத்தினால் எஞ்சினை அணைக்காமல் ஒருவர் வண்டியிலேயே இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: ஏற்றும் நேரத்தில் சில வண்டிகளில் ரிவர்ஸ் கேமரா வேலை செய்யாது. டவுன் ரத வீதி மாதிரி நெரிசலுக்குள் அந்த நேரத்தில் போகாதீர்கள்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் வெளியில் நிறுத்திய வண்டியின் டேஷ்போர்டு கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். சூடு ஏறினால் ஹெட் யூனிட் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், சமயத்தில் அணைந்தும்விடும். காலை எட்டு மணிக்குள் ஏற்றி முடிப்பது நல்லது, இல்லையென்றால் ஏ.சி. போட்டுக் குளிரவைத்துத் தொடங்குங்கள்.

தொடங்குவதற்கு முன் சேமித்து வைத்த வீடு, அலுவலகம், உறவினர் வீடுகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சில அப்டேட்கள் இவற்றை அழித்துவிடும். தமிழ்க் குரல் தனியாக ஏற்றியிருந்தால் அதுவும் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடலாம்.

சாஃப்ட்வேர், மேப் இரண்டும் தனித்தனியாக வந்தால் முதலில் சாஃப்ட்வேர், பிறகு மேப். புது மேப்பைப் பழைய சாஃப்ட்வேருக்குப் படிக்கத் தெரியாமல் போகலாம். தொடங்கியபின் சதவீதம் ஓரிடத்தில் நின்றுவிடும். கால் மணி நேரம்கூட நகராது. பெரிய கோப்பு ஒன்று எழுதப்படுகிறது என்று அர்த்தம். பென் டிரைவில் விளக்கு இருந்தால் அதைப் பாருங்கள், சிமிட்டிக்கொண்டிருக்கும் வரை வேலை நடக்கிறது. கம்பெனி சொன்ன நேரத்தைப் போல இரண்டு மடங்கு போயும், விளக்கும் அசையாமல் நின்றும்விட்டால்தான் கை வைக்க வேண்டும். அப்போதும் டிரைவை உருவாதீர்கள். எஞ்சினை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை வண்டியை விட்டுத் தூரமாகக் கொண்டுபோய், கால் மணி நேரம் விடுங்கள். வண்டியின் எல்லா யூனிட்டும் உறங்கிய பிறகு திரும்ப ஸ்டார்ட் செய்தால், விட்ட இடத்திலிருந்தோ முதலிலிருந்தோ பெரும்பாலும் தானாகத் தொடரும். கம்பெனி லோகோ வந்து வந்து அணைகிற நிலை தொடர்ந்தால் சர்வீஸ் சென்டர்தான். போகும்போது அந்தப் பென் டிரைவையும், முன்பு எடுத்து வைத்த வெர்ஷன் படத்தையும் கொண்டுபோங்கள். எந்த வெர்ஷனிலிருந்து எதற்குப் போகும்போது நின்றது என்பதுதான் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி. ஆர்.சி.யில் உள்ள பதினேழு எழுத்துச் சேஸ் நம்பரும் வேண்டும்.

கோப்பே இல்லை என்று வண்டி சொன்னால் துளை, ஃபார்மட், ஃபோல்டர், மாடல் வருடம் என்ற வரிசையில் பாருங்கள். ஒரே பெயருள்ள கார் முந்தின வருடம் ஒரு யூனிட்டோடும் அடுத்த வருடம் வேறு யூனிட்டோடும் வந்திருக்கும்.

'எல்லா வண்டிக்கும் புது மேப்' என்று குறைந்த விலைக்கு விற்கும் நகல் கார்டுகளை வாங்காதீர்கள். வேறு யூனிட்டின் சாஃப்ட்வேர் ஏறி ஸ்க்ரீன் செத்துப்போனால் வாரண்டி கிடைக்காது, புது யூனிட்டின் விலைக்கு எத்தனையோ தடவை நேர்மையாகவே மேப் வாங்கியிருக்கலாம்.

ஏறியதா என்று ஊரைக் கேளுங்கள்

'அப்டேட் வெற்றி' என்று ஸ்க்ரீன் சொல்வதைச் சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது. வெர்ஷன் எண் மாறியும் தரவு பாதியாக ஏறியிருக்கலாம். தெற்குப் பகுதி மட்டும் வெறுமையாக, ஊர்ப் பெயர் இருந்தும் தெரு இல்லாமல் இருக்கும். நாம் அன்றாடம் போகும் இடங்களை வைத்துத்தான் அது தெரியும்.

முதல் சோதனை பாபநாசம். பெயரை அடித்தால் இரண்டு வர வேண்டும். ஒன்று விக்கிரமசிங்கபுரம் பக்கத்தில் தாமிரபரணி மலையிறங்கும் நம்ம பாபநாசம், இன்னொன்று கும்பகோணத்துக்குப் பக்கத்துத் தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசம். பட்டியலில் முதலில் வந்ததைத் தொட்டுவிட்டு வடக்கே போகிற வெளியூர் வண்டிகள் உண்டு. இதே தொல்லை சிவகிரிக்கு உண்டு, ஈரோடு மாவட்டத்திலும் ஒரு சிவகிரி. ஆலங்குளத்துக்கும் உண்டு, விருதுநகர் மாவட்டத்திலும் ஓர் ஆலங்குளம். தூத்துக்குடிச் சாலையில் உள்ள புதுக்கோட்டையைத் தேடினால் புதுக்கோட்டை மாவட்டத் தலைநகரம் முன்னால் வந்து நிற்கும். இதற்கு நல்ல தீர்வு பின்கோடு. நெல்லை, தென்காசிப் பக்கம் 627இல் தொடங்கும், தூத்துக்குடிப் பக்கம் 628. தேடலில் பின்கோடு அடிக்க முடிந்தால் குழப்பமே இல்லை.

ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடும் சிஸ்டம் என்றால் பொறுமை வேண்டும். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் வெள்ளைக்காரன் எழுதிய பழைய கூட்டல் ஒன்று, இன்றைய கூட்டல் ஒன்று. பாளையங்கோட்டைக்கு மூன்று நான்கு. 2020இல் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கிலக் கூட்டலை மாற்றி ஆணையிட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றது. ஆக இன்றும் பலகைக்கு ஒரு கூட்டல், மேப்புக்கு ஒரு கூட்டல். முழுப் பெயரை அடிக்காமல் முதல் நான்கு எழுத்தை அடித்துப் பட்டியலில் தேடுவது நல்லது. வேய்ந்தான்குளத்துப் புதிய பேருந்து நிலையமும் அப்படித்தான், ஊர்ப் பெயரில் கிடைக்காவிட்டால் எம்.ஜி.ஆர். பெயரில் தேடிப் பாருங்கள்.

இரண்டாவது சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாபநாசத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வழி கேளுங்கள். மலைக்கு அந்தப் பக்கம்தான் கேரளம், ஆனால் காரையாறு தாண்டிக் கார் போகச் சாலை கிடையாது. வடக்கே செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு வழி. தெற்கே காவல்கிணறு, ஆரல்வாய்மொழி, நாகர்கோவில் வழி. இரண்டுக்கும் நடுவில் மலை முழுவதும் காடு. மேப் இந்த இரண்டில் ஒன்றைச் சொன்னால் மலைப்பகுதித் தரவு சரியாக ஏறியிருக்கிறது. காட்டுக்குள் கோடு போட்டால், வழி அமைப்பில் 'மண் சாலை வேண்டாம்' என்பதை முதலில் டிக் செய்யுங்கள். அப்போதும் காட்டுக்குள்ளேயே கோடு போட்டால் அப்டேட்டைத் திரும்ப ஏற்றுங்கள்.

மாஞ்சோலைக்கும் இதையொட்டி ஒரு வார்த்தை. மணிமுத்தாறு செக்போஸ்ட்டைத் தாண்ட வனத்துறை அனுமதி வேண்டும் என்பது மேப்புக்குத் தெரியாது. சாலை இருக்கிறது, போகலாம் என்றே சொல்லும். களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் போகும் எந்தச் சாலைக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலம். மேலே போகும்போதும் கீழே போகும்போதும் அம்பு எந்தத் தளத்தைக் காட்டுகிறது என்று பாருங்கள். ஜி.பி.எஸ். மட்டும் வைத்து மேல், கீழ் பிரிப்பது கடினம். சக்கரத்தின் வேகத்தையும் வண்டியின் சாய்வையும் சேர்த்துக் கணக்கிடும் நல்ல சிஸ்டம் சரியாகச் சொல்லும். தவறினால் அது மேப்பின் குற்றம் அல்ல.

ஊர்ப் பெயர் எதுவும் கிடைக்காத இடத்துக்கு, திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரியில் ஒரு தோட்டம் என்று வையுங்கள், ஆயத்தொலைவுதான், அதாவது அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்தான் வழி. இங்கே ஒரு கணக்கில் பலர் சறுக்குகிறார்கள். பாளையங்கோட்டை ஏறக்குறைய 8 டிகிரி 43 நிமிடம் வடக்கு, 77 டிகிரி 44 நிமிடம் கிழக்கு. தசமத்தில் இது 8.717, 77.733. நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும். வகுக்காமல் 8.43, 77.44 என்று அடித்தால் 45 கிலோமீட்டர் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுக்குள் புள்ளி விழும். வண்டி டிகிரி-நிமிடமாகக் கேட்கிறதா, தசமமாகக் கேட்கிறதா என்று பார்த்தே அடியுங்கள். மேப்மைஇந்தியா என்ற மேப் கம்பெனியின் தரவு உள்ள சிஸ்டம்களில் சிலவற்றில் ஒவ்வொரு இடத்துக்கும் ஆறு எழுத்துக் குறியீடு உண்டு. அது கிடைத்தால் இந்தக் கணக்கே தேவையில்லை.

புது மேப்பும் அறியாதவை

எவ்வளவு புதிய மேப்பாக இருந்தாலும் வெளியிடுவதற்குச் சில மாதம் முன்பே தரவைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பின் திறந்த பாலம் அடுத்த வெளியீட்டில்தான். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஏரல் பாலம் உட்படத் தாமிரபரணிக் கரையில் பல இடத்தில் போக்குவரத்து அறுந்தது. இணையம் இல்லாத நேவிகேஷன் அந்த வாரமும் அதே பாலத்தின் வழியாகத்தான் வழி சொல்லும். ஆனித் தேரோட்டத்தன்று ரத வீதிக்குள் கார் போக முடியாது என்பதும் அதற்குத் தெரியாது. மழைக்காலத்திலும் திருவிழா நாளிலும் போனில் உள்ள நேரடித் தகவலையோ, அந்த ஊர்க்காரர் ஒருவரையோ கேட்டுப் புறப்படுங்கள்.

அப்படியென்றால் போனே போதாதா என்று கேட்கலாம். அப்டேட்டுக்குத் தனியாகப் பெரிய தொகை கேட்கும் பழைய வண்டி என்றால் போதும் என்றுதான் நானும் சொல்வேன். போனில் நெல்லை, தென்காசி, கன்னியாகுமரி, கொல்லம் பகுதிகளை ஆஃப்லைனாக இறக்கி வைத்துக்கொண்டால் வேலை நடக்கும். அப்டேட் இலவசம் என்றால் கட்டாயம் ஏற்றுங்கள். ஆரியங்காவுக் கணவாயில் சிக்னல் போய், வெயிலில் போன் சூடாகி அணைந்த நேரத்தில் ஸ்க்ரீனில் சரியான வழி ஓடிக்கொண்டிருப்பது பெரிய உதவி.

மேப்பில் தவறான இடத்தைப் பார்த்தால் தெரிவியுங்கள். மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் ஆப்பில் அதற்கு இடம் உண்டு. படமும் சரியான இடப்புள்ளியும் சேர்த்து அனுப்பினால் சரிபார்க்க எளிது. அது உங்கள் வண்டிக்கு வர நாளாகும், ஆனால் நீங்கள் சொல்லாவிட்டால் மூலக்கரைப்பட்டிப் பக்கத்து ஒரு தெருவை வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

எல்லாம் முடிந்ததும் மேப் வெர்ஷன், சாஃப்ட்வேர் வெர்ஷன், ஏற்றிய தேதி மூன்றையும் ஒரு சின்னத் தாளில் எழுதி ஆர்.சி. உறைக்குள் வையுங்கள். பென் டிரைவை இரண்டு வாரம் அழிக்காதீர்கள். ஏதாவது ஓர் ஊர் வெறுமையாகத் தெரிந்தால் திரும்ப ஏற்ற அது வேண்டும்.